மனப்பாடம்

கண்ணுக்குச் சொட்டு விட்டுக்கொள்ள வருகிறவர்கள் யாராவது கையோடு புத்தகம் கொண்டுவருவார்களா? செண்பகவல்லி கொண்டுவந்திருந்தாள். பழக்க தோஷம். ரேஷன் கடை வரிசைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் பையில் ஒரு புத்தகம் கிடந்தாக வேண்டும். சின்ன அத்தை இறந்த வீட்டுக்குப் போனபோதுகூட மாலைக்கு அடியில் ஒன்று இருந்தது. அதை மாலையோடு சேர்த்து வெளியே இழுத்துவிட்டு எல்லோர் முன்னாலும் முழித்தது தனிக்கதை. படிக்கிறாளோ இல்லையோ, புத்தகம் இல்லாமல் கிளம்பினால் செருப்பை மறந்துவிட்டு வந்த மாதிரி பாதி வழியில் கால் கூசும். இப்போது மடியில் புத்தகம் இருக்கிறது, கண்ணில் மருந்து எரிகிறது. எதிரே ஜன்னல் வழியாகத் திருநெல்வேலி வெயில் வந்து தரையில் வெள்ளையாகக் கிடக்கிறது. ‘கண்ண மூடியே வச்சிருங்க பாட்டி, தொறந்து தொறந்து பாத்தீங்கன்னா மருந்து பிடிக்காது’ என்று சொல்லிவிட்டு நர்ஸ் பெண் அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள். பாட்டியாம். யாருக்குப் பாட்டி? பேரனா, பேத்தியா, வீட்டில் ஒரு பூனைக்குட்டியாவது உண்டா? காலையில் சீட்டு பதிகிற இடத்தில், கூட யார் வந்திருக்கா என்று கேட்டபோது, தங்கச்சி மக வந்திருக்கா, கீழே காப்பி குடிக்கப் போயிருக்கா என்று வாய் கூசாமல் சொல்லியாகிவிட்டது. தங்கச்சி மகள் கோமதி ஓசூரில் இருக்கிறாள். அங்கிருந்து காப்பி குடித்துவிட்டு வந்து சேர நாளைக் காலையாகிவிடும். கூட வந்தது இந்தப் புத்தகம் ஒன்றுதான், துணைக்கு அதன் பெயரையே எழுதச் சொல்லியிருக்கலாம்.

மூடிய இமைக்குள் ஆரஞ்சு நிறமாக இருந்தது. கண் சும்மா இருந்தாலும் விரல் சும்மா இருக்கவில்லை, அட்டையைத் தடவியது. காலண்டர் தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி போட்ட அட்டை. வாங்கி வந்த அன்றைக்கே அட்டை போட்டுவிடுவாள், அட்டை போடாத புத்தகம் குளிக்காத பிள்ளை மாதிரி அவளுக்கு. அப்புறம் கடைசிப் பக்கத்தில் வாங்கிய ஊரையும் மாதத்தையும் எழுதி வைப்பாள். முன்னுரையைக் கதை முடிந்த பிறகுதான் படிப்பாள், கதை சொல்வதற்கு முன்னாலேயே பாராட்டுகிறவனை நம்பக்கூடாது என்று அவளுக்கு ஒரு கட்சி. சாப்பிடும்போது இடது கையில் புத்தகம் இல்லாவிட்டால் சோறு இறங்காது. எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் புளிக்குழம்பு சிந்தியது, எதில் நல்லெண்ணெய் என்று கேட்டால் சொல்லிவிடுவாள். விரல் பக்கங்களின் ஓரத்தில் போய், படித்த இடம் தெரிய வைத்திருந்த அடையாள அட்டையைத் தொட்டது. அடையாள அட்டை என்றால் வாங்கியதல்ல, போன தடவை இங்கே கொடுத்தது. வெள்ளை அட்டையில் கறுப்புக் கட்டம், நடுவில் ஒரு புள்ளி. ‘இதத் தெனமும் ஒரு கண்ண மூடிட்டுப் பாருங்கம்மா, கோடு வளஞ்சாலோ நடுவுல காணாமப் போனாலோ ஒடனே வந்துரணும், சீக்கிரம் வந்தா அதோட நிறுத்தி வச்சிரலாம், விட்டது விட்டதுதான், திரும்பி வராது’ என்று டாக்டரம்மா ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லித்தான் கொடுத்தாள். செண்பகவல்லி அதை வீட்டுக்குக் கொண்டுபோய், அட நல்ல தடிமனாக இருக்கிறதே என்று புத்தகத்துக்குள் வைத்தாள். அன்றிலிருந்து அது புத்தகம் விட்டுப் புத்தகம் மாறியிருக்கிறது. ஒரு நாள் கூட அதை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கவில்லை.

அதெல்லாம் எதற்கு, அதான் இன்றைக்கும் காலையில் நன்றாகப் படித்தாளே. பார்வை சோதிக்கிற எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தவுடனேயே, மேலே இருக்கிற பெரிய எழுத்திலிருந்து கீழே மணல் மாதிரி இருக்கிற பொடி எழுத்து வரைக்கும் மூச்சு விடாமல் படித்தாள். காலையில் எழுந்ததும் தோட்டத்துக்குப் போனேன். கிணற்றடி வாழை குலை தள்ளியிருந்தது. அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைப் பிடிக்கப் போனபோது வாசலில் யாரோ. அவ்வளவுதான், அதோடு அட்டை முடிந்துவிடும். நாற்பது வயதில் முதல் கண்ணாடி போட வந்தபோது இந்த அட்டையைப் படித்துவிட்டு, ‘யாரு வந்தா?’ என்று கேட்டுவிட்டாள். சோதித்த பெண், ‘எங்கக்கா?’ என்று கதவைத் திரும்பிப் பார்த்தாள். அதிலிருந்து ஒவ்வொரு தடவை வந்து போகும்போதும் பஸ்ஸில் உட்கார்ந்து வாசலில் வந்தது யார் என்று யோசிப்பதுதான் வேலை. மாமா வந்தார், கடன்காரன் வந்தான், ஓடிப்போன அக்கா பெட்டியோடு திரும்பி வந்தாள். பஸ் கோவில்பட்டி வருவதற்குள் கதை எங்கேயோ போய்விடும். ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் கண் பார்க்கத் தெரிகிற அளவுக்குக் கதை முடிக்கத் தெரியவில்லை. இன்றைக்கும் அந்தப் பெண், ‘சூப்பர் பாட்டி, கடைசி வரி வரைக்கும் வந்துட்டீங்க’ என்று எழுதிக்கொண்டாள். செண்பகவல்லிக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பெருமையோடு எழுந்து வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் எதுவோ ஒன்று, வாயில் மாட்டிக்கொண்ட மீன்முள் மாதிரி, நெருடிக்கொண்டே இருக்கிறது. கன்றுக்குட்டி என்று சொன்னாளே, அந்த இடத்தில் கன்றுக்குட்டியைப் பார்த்தாளா?

வேண்டாம், வேறு எதையாவது நினைக்கலாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ராத்திரி டியூட்டி என்றால் மற்ற பெண்கள் அழுவார்கள், இவள் கேட்டு வாங்கிக்கொள்வாள். காதில் மாட்டின கருவியோடு முழங்கையால் பக்கத்தை அழுத்திக்கொண்டு, ஹலோ மதுரை, ஹலோ தூத்துக்குடி, லைன் போடுங்க என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்ல, கண் தன்பாட்டுக்குப் படிக்கும். ஊரில் உள்ள சண்டை, சாவு, பிரசவம், பெண் பார்த்த சேதி எல்லாம் காது வழியாகப் போய்க்கொண்டே இருக்கும், எதையும் கேட்கக்கூடாது என்பது விதி, அவளுக்கு அது கஷ்டமாகவே இல்லை, அவளிடம்தான் கதை இருக்கிறதே. இடது கண் பிறந்ததிலிருந்தே பேருக்குத்தான் கண். இத்தனையும் படித்தது வலது கண் ஒன்றுதான். ஒற்றைக் கண்ணால் அவள் பார்த்த ஆட்கள் எத்தனை பேர், ஊர்கள் எத்தனை, எவ்வளவு கடல், எவ்வளவு பனி! நேரில் பார்த்தது கோவில்பட்டியும் திருநெல்வேலியும் நடுவில் உள்ள ரோடும்தான். அந்த ரோட்டில்தான் ஒரு தடவை, சாயங்கால பஸ்ஸில், முன் ஸீட்டில் ஒருவர் ஒரு தடித்த புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். இவள் பின்னாலிருந்து அவர் தோள் வழியாகப் படித்தாள். திருட்டுப் படிப்பு, ரொம்ப நாள் பழக்கம். அவர் வேகமும் இவள் வேகமும் கிட்டத்தட்ட ஒன்று, இவள் மட்டும் ஒரு வரி பின்தங்கி வந்தாள். ஒரு பக்கம் முடிந்ததும் அவர் தாளைப் பிடித்தபடியே நிறுத்தி, திரும்பிப் பார்க்காமலேயே, ‘திருப்பலாமா?’ என்று கேட்டார். ‘ம்’ என்றாள். அதற்கப்புறம் ஒவ்வொரு பக்கத்துக்கும் நிறுத்துவார், இவள் ம் என்பாள், திருப்புவார். கயத்தாறில் இறங்கிப் போய்விட்டார். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. வீட்டில் அதற்கப்புறம் மாப்பிள்ளை மாப்பிள்ளையாகக் கொண்டுவந்தார்கள், எல்லோரும் சம்பளம் கேட்டார்கள், சமையல் கேட்டார்கள். ஒருவனும் திருப்பலாமா என்று கேட்கவில்லை. அதற்காக இவள் கல்யாணம் செய்யாமல் இருந்தாள் என்று சொன்னால் சிரிப்பார்கள், அவளே சிரித்துக்கொள்வாள். ஆனாலும் அந்தக் குரல் இன்னும் மறக்கவில்லை.

சிரிப்பு முடிந்ததும் மறுபடியும் அந்த முள். எங்கே விட்டோம், கன்றுக்குட்டி. சரி, அதை விடு, கடைசியாகப் படித்து முடித்த புத்தகம் எது? நேற்றுத்தான் முடித்தாள். அது பழசு, எத்தனாவது தடவையோ. அதற்கு முன்னால்? அதுவும் பழசு, புளிக்குழம்பு சிந்தினது. அதற்கு முன்னால் அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்தது, அதுவும் பழசுதான். புத்தகக் கண்காட்சியில் ஒரு பை நிறைய வாங்கி வந்தாளே, அட்டை போட்டு ஊரும் மாதமும் எழுதித் தலைமாட்டில் அடுக்கினாளே, அதில் ஒன்றைக்கூட முடிக்கவில்லையா? ஒன்றைக்கூட இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு பக்கம் படிப்பாள், தலையும் புரியாது வாலும் புரியாது, இப்போது எழுதுகிறவர்களுக்கு எழுதவே வரவில்லை என்று தூக்கி வைத்துவிட்டுப் பழசை எடுப்பாள். பழசு என்னவோ வழுக்கிக்கொண்டு ஓடும். கோமதியிடம்கூடப் போனில், ‘இப்ப வாரதெல்லாம் ஒண்ணும் சரியில்லட்டி, பழசுதான் பழசு’ என்று சொன்னாள். பழசு வழுக்கிக்கொண்டு ஓடுவதற்குக் கண் எதற்கு? ஒரு சொல்லின் தலையைப் பார்த்தால் போதும், மீதியை மனசு எடுத்துக் கொடுத்துவிடும். நடுவில் ஒரு சொல்லே இல்லாவிட்டால்கூட மனசு அதை எழுதிவிடும். அப்படியானால் இத்தனை மாதமாக அவள் படித்தது எதை? நர்ஸ் பெண் சொன்னதையும் மறந்து கண்ணைத் திறந்துவிட்டாள். வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். வட்டம் இருந்தது, ஓரத்து எண்கள் மங்கலாக இருந்தன, முள் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறமாக ஒன்றுமில்லாமல் இருந்தது. சொட்டு விட்டதனால் இருக்கும், சொட்டு விட்டால் அப்படித்தான் இருக்கும், எல்லோருக்கும் அப்படித்தான். கண்ணை மூடிக்கொண்டாள்.

உள்ளே கூப்பிடுவார்கள். டாக்டரம்மா விளக்கைப் போட்டுப் பார்ப்பாள். படிக்கிறதில் ஏதாவது சிரமம் உண்டா என்று கேட்பாள். இல்லையென்றால் இல்லை, அட்டையைத்தான் கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறாளே, கண்ணாடியை மாற்றி எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவாள். உண்டென்றால்? கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவார்களாம், பக்கத்து வீட்டுச் சரசுவதியின் மாமனாருக்குப் போட்டார்கள். மாதாமாதம் வர வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். கோமதிக்குச் சொல்ல வேண்டும். கோமதி நல்ல பிள்ளை, மறுநாளே வந்துவிடுவாள், அதுதான் பயம். வந்து, ‘ஒத்தையில இங்க கெடந்து என்ன செய்யப் போறீங்க பெரியம்மா’ என்பாள், அலமாரியைப் பார்ப்பாள், ‘இதயெல்லாம் லைப்ரரிக்குக் குடுத்துரலாம்’ என்பாள். ஓசூர் பிளாட்டில் அலமாரிக்கு ஏது இடம், அதைச் சொல்லிக் குற்றமில்லை. சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டால்? கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, சோற்றை வடித்து, இடது கையில் ஒரு பழசை எடுத்துக்கொண்டு உட்காரலாம். அது இன்னும் எத்தனை நாளைக்கு? நடுவில் இருக்கிற சாம்பல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும், பழசும் ஒவ்வொரு சொல்லாக மறந்துபோகும், ஒரு நாள் வெறும் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இவ்வளவு நாள் தனியாக இருந்தது தனிமை என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை, வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து போய்விட்டால் என்ன செய்வது? அழுதால் மருந்து வெளியே வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

‘யக்கா, எரியுதா?’

பக்கத்து நாற்காலி. குரலைக் கேட்டால் நாற்பது வயது இருக்கும், சங்கரன்கோவில் பக்கத்துப் பேச்சு. எரியுது என்று தலையை ஆட்டினாள். அந்தப் பெண்ணே பேச ஆரம்பித்தாள். பெயர் முப்புடாதியாம், மாமியாருக்குப் புரை ஆப்பரேசனாம், உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம், டிவியும் ஓடவில்லை, போனிலும் சார்ஜ் இல்லை, சும்மா இருந்தால் பயமாக இருக்கிறதாம். ‘அது என்ன பொஸ்தகம், சாமி பொஸ்தகமா?’

‘கதை.’

‘நல்லாருக்குமா?’

‘நல்லாவே இல்ல’ என்றாள் செண்பகவல்லி. ‘மொதப் பக்கத்தையே எத்தன தடவ படிச்சிட்டேன், என்ன சொல்ல வாரான்னே வெளங்கல.’

‘குடுங்க பாப்பம். நான் பத்தாப்பு வர படிச்சிருக்கேன்.’ வாங்கிக்கொண்டாள். செண்பகவல்லி அடையாள அட்டையை மட்டும் உருவித் தன் கையில் வைத்துக்கொண்டாள். முப்புடாதிக்கு மனசுக்குள் படிக்கிற பழக்கம் இல்லை போலிருக்கிறது, வாய்விட்டே படித்தாள், பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிக்கிற மாதிரி, நிறுத்த வேண்டாத இடத்திலெல்லாம் நிறுத்தி. ‘உப்பளத்தில் வேலை முடிந்து, எல்லோரும் போன, பிறகும், ராசையா மட்டும் வீடு திரும்பவில்லை. அவனுடைய சைக்கிள் வரப்பின் மேல், சாய்ந்து கிடந்தது. தம்பி பெஞ்சமின், அதைத் தூக்கி நிறுத்தினான். கேரியரில் ஒரு பொட்டலம், கட்டியிருந்தது. அண்ணன் எந்தப் பொட்டலமும் கொண்டு போனதாக, அவனுக்கு ஞாபகம் இல்லை.’

செண்பகவல்லி அசையாமல் கேட்டாள். இதுவா அந்தப் பக்கம்? இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? ஒரு அண்ணன், ஒரு தம்பி, ஒரு சைக்கிள், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். அவள் படித்தபோது உப்பளமே இல்லையே. சைக்கிள் எங்கே இருந்தது? தம்பி என்று ஒருத்தன் இருந்தானா? யாரோ வந்தான், எதுவோ கிடந்தது, எதையோ தூக்கினான், இப்படித்தான் படித்தாள். மனப்பாடம் இல்லாத இடத்தில் மனசும் கைவிட்டுவிட்டது. எழுதினவனை என்ன திட்டுத் திட்டினாள். பாவம், அவன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். சொட்டு மேலும் இனிமேல் பழி போட முடியாது, இந்தப் பக்கத்தை அவள் படித்தது சொட்டு விட்டா? இவ்வளவும் நெஞ்சை அடைக்க வேண்டிய நேரத்தில் அந்தப் பாழாய்ப்போன மனசு இன்னொரு பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது, பொட்டலத்துக்குள்ளே என்ன? பயமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. முன்பின் தெரியாத கதை ஒன்று இப்படி உள்ளே வந்து எத்தனை மாதமாகிறது. முப்புடாதி மேலே படித்தாள், தடுக்கித் தடுக்கி, உப்புக் குவியலின் மேல் நிலா, காவல்காரன் கூப்பிட்டான், தம்பி பதில் சொல்லவில்லை, முடிச்சை அவிழ்க்க நகம் போதவில்லை, பல்லால் கடித்தான். நின்றாள்.

‘என்ன?’ என்றாள் செண்பகவல்லி.

‘பக்கம் முடிஞ்சிட்டு. திருப்பட்டுமாக்கா?’

செண்பகவல்லி வாயைத் திறந்தாள். அதற்குள் கதவுப் பக்கமிருந்து, ‘செண்பகவல்லி, கோவில்பட்டி, உள்ள வாங்க’ என்று குரல் வந்தது.

‘போய்ட்டு வாங்க’ என்றாள் முப்புடாதி. ‘நான் விரல வச்சிருக்கேன். அத்தைய வெளிய கொண்டாந்துட்டா மட்டும் நான் கெளம்பணும்.’

நர்ஸ் பெண் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். இருட்டு அறை. மோவாயை வைக்கச் சொன்னார்கள், நெற்றியை முட்டச் சொன்னார்கள், நீல வெளிச்சம் ஒன்று வலது கண்ணுக்குள் வந்து ரொம்ப நேரம் எதையோ தேடியது. டாக்டரம்மா மூச்சு விடுவது கேட்டது. ‘உள்ள லேசா ஒரு மாத்தம் இருக்கிற மாதிரி இருக்கும்மா. ஆனா அட்டையெல்லாம் நல்லாப் படிச்சிருக்கீங்களே, கடைசி வரி வரைக்கும்னு எழுதியிருக்காங்க. வீட்டுல படிக்கிறதுல எதாவது சிரமம் உண்டா?’

இல்லை என்று ஒரு சொல். அதைச் சொன்னால் பையை எடுத்துக்கொண்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கையில் கட்டம் போட்ட அட்டை இருந்தது, வேர்வையில் ஓரம் ஊறியிருந்தது. அதை மேசை மேல் வைத்தாள்.

‘அது படிச்சதில்லம்மா’ என்றாள். ‘சொன்னது. அந்தக் கன்னுக்குட்டிக் கதை எனக்கு மனப்பாடம். வேற எதாச்சும் குடுத்திருந்தா ஒரு வரி தாண்டியிருக்க மாட்டேன். நடுவுல சொல்லக் காணும்மா. கொஞ்ச மாசமாவே காணும்.’

டாக்டரம்மா அட்டையை எடுத்துப் பார்த்தாள். ‘இப்ப சொட்டு விட்டிருக்கதுனாலயும் அப்படித் தெரியலாம்...’

‘சொட்டுக்கு முன்னாடியேதான்.’

ஸ்டூல் உருண்டு பக்கத்தில் வந்தது. ‘இன்னைக்கே ஒரு ஸ்கேன் எடுத்துரலாம்மா. ஊசி வேணுமான்னு அதப் பாத்துட்டுச் சொல்றேன். பார்வை எவ்வளவு நிக்கும்னு இப்ப என்னால சொல்ல முடியாது, இப்பவாச்சும் சொன்னீங்களே. கூட யாரு வந்திருக்கா?’

காலையில் சொன்ன பொய் தயாராகத்தான் இருந்தது. கீழே காப்பி குடிக்கப் போன கோமதி இன்னும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறாள். செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மருந்தும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

‘யாரும் வரலம்மா’ என்றாள். ‘வெளிய ஒரு பொண்ணு எம் பொஸ்தகத்துல விரல வச்சிட்டு உக்காந்திருக்கா. அவ மாமியார வெளிய கொண்டாரதுக்குள்ள என்னைய ஒரு பக்கத்துக்கு மட்டும் விடுவியளா? அதுக்கப்புறம் எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க.’